நாப்பது பெஞ்சு, மூணு குரல்

...அந்தக் கயித்தை இப்ப அவுக்காதீங்கண்ணே, கும்புட்டுக் கேட்டுக்கறேன். உங்களுக்கென்ன, நாப்பது பெஞ்சு ஏத்திக்கிட்டு வான்னு ஒரு காயிதம் குடுத்தாங்க, லாரியை எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க. உங்க மேல தப்பே இல்ல. ஆனா அந்தக் காயிதத்துல கீழ பாருங்க, 'கமிட்டி உறுப்பினர் மூவரும் சம்மதம்'னு போட்டிருக்கா? அந்தச் சம்மதம் இருக்கே, அது ஒரு தினுசான சம்மதம். உள்ள அதைப் பத்தித்தான் பேச்சு. கமிட்டிக்காரங்க மூணு பேரு, எங்கம்மா ஒருத்தங்க, ஆக நாலு பேரு. என்னை மட்டும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. பேசறது பூராவும் என்னைப் பத்தி, ஆனா நான் கேக்கக் கூடாதாம். இதுக்குப் பேருதான் பள்ளிக்கூடம்.

உக்காருங்க. இந்த பெஞ்சுல ஓரமா உக்காருங்க, நடுவுல ஆணி இருக்கு.

எங்கம்மாதான் இங்க தலைமை டீச்சர். இன்னிக்கு சனிக்கிழமை, அதான் பிள்ளைங்க இல்ல. இல்லேன்னா எண்பத்தாறு உருப்படி இந்நேரம் உங்க லாரி மேல ஏறியிருக்கும். அந்தக் காயிதத்துப்படி திங்கக்கிழமைலேருந்து இந்த எண்பத்தாறும் டவுன் ஸ்கூலுக்குப் போகணும். இருபத்திரெண்டு கிலோமீட்டர். பஸ் மெயின் ரோட்டுக்குத்தான் வரும், உள்ள வராது. குவாரிப் பிள்ளைங்க மெயின் ரோட்டுக்கு வரவே அஞ்சு கிலோமீட்டர் நடக்கணும். ஒண்ணாப்பு படிக்கற பொடிசுங்க. நடக்குமா? ரெண்டு நாள் நடக்கும். மூணாம் நாள் அப்பன் ஆத்தாளோட சேந்து ஜல்லி பொறுக்கிக்கிட்டு நிக்கும். அவ்வளவுதான், படிப்பு முடிஞ்சுது. அதான் சொல்றேன், கயித்தைத் தொடாதீங்க. கொஞ்ச நேரம் பொறுங்க.

நீங்க வாயைத் திறக்கற ஆளாத் தெரியல. ஆனா மூஞ்சி கேக்குது. 'இந்தப் பொட்டக்காட்டுல எந்தப் புத்திசாலி பள்ளிக்கூடம் கட்டினான்?' இதானே? இங்க வர்ற எல்லாரும் கேப்பாங்க. தபால்காரர் வாராவாரம் கேப்பாரு.

முன்ன மூணு ஊருக்கும் மூணு பள்ளிக்கூடம் இருந்துச்சு. மேடு, பள்ளம், குவாரி. மேட்டுப் பள்ளிக்கூடம் மாவு மில்லுக்குப் பின்னாடி. மிஷின் ஓடறப்ப வாத்தியாரு வாயசைக்கறது மட்டும்தான் தெரியுமாம், அதனால அங்க படிச்சவங்க எல்லாரும் இன்னிக்கு வரைக்கும் கத்திக்கத்தித்தான் பேசுவாங்க. பள்ளத்துல மழை பேஞ்சா லீவு. லீவு விடணும்னு இல்ல, பள்ளிக்கூடமே கொஞ்சம் மிதந்து போயிடும். குவாரியில தார்ப்பாய்க் கொட்டகை. வெடி வைக்கறப்ப விசில் அடிப்பாங்க, உடனே வாத்தியாரு முதக்கொண்டு எல்லாரும் பெஞ்சுக்கு அடியில. வாத்தியாரு முதல்ல.

அறுபது வருஷத்துக்கு முன்னாடி, டவுன் ஆபீஸ்காரங்க வந்து, மூணு ஊரையும் சேத்து ஒரே பள்ளி வட்டம் ஆக்கறோம், ஒரே கட்டடம் கட்டித் தர்றோம்னாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். எங்க கட்டறதுன்னு கேட்டாங்க பாருங்க, அதோட சந்தோஷம் போச்சு. மேட்டுல கட்டினா பள்ளத்துக்காரன் ஏற மாட்டானாம். பள்ளத்துல கட்டினா மேட்டுக்காரன் இறங்க மாட்டானாம். குவாரியில கட்டினா ஒருத்தனும் உசுரோட திரும்ப மாட்டான். சரி, நடுவுல கட்டுவோம். எது நடு? நில அளவைக்காரரைக் கூப்பிட்டாங்க. சங்கிலி போட்டு ரெண்டு நாள் அளந்தாரு. மூணு ஊர்லேருந்தும் ஆளுக்குப் பத்துப் பேரு பின்னாடியே நடந்தாங்களாம், சங்கிலியை ஒரு சாணு இழுத்துடுவாரோன்னு.

நடுப்புள்ளி எங்க வந்துச்சு தெரியுமா? இதோ, நீங்க கால் வெச்சிருக்கீங்களே, இந்தப் பாறை மேல. மரமில்ல, தண்ணியில்ல. அளவைக்காரர் நல்ல மனுஷன், 'ஐயா, இருநூறு அடி தள்ளிப் போனா ஒரு மரமும் கிணறும் இருக்கு, அங்க கட்டலாமே'ன்னாரு. இருநூறு அடி தள்ளினா அது பள்ளத்துக்காரனுக்கு இருநூறு அடி லாபம்னு மேட்டுக்காரங்க கம்பை எடுத்துட்டாங்க. அதனால யாருக்குமே பக்கமில்லாத இடத்துல கட்டினாங்க. எல்லாருக்கும் ஒரே அளவு கஷ்டம். எங்க ஊருல அதுக்கு நியாயம்னு பேரு.

அப்புறம் வாசல். அடுத்த ஊர்க்காரன் மிதிச்ச படியில நான் ஏன் மிதிக்கணும்? கட்டடம் ஒண்ணு, வாசல் மூணு. நாலு சுவத்துல மூணுல வாசல், நாலாவதுல ஜன்னல். கரும்பலகை மாட்டச் சுவரே இல்ல. அதனால நட்ட நடு ஹால்ல, ஸ்டாண்டு மேல நிக்கும். காத்தடிச்சா விழும். எங்க பள்ளிக்கூடத்துல படிச்சவங்க மண்டையைத் தடவிப் பாருங்க, ஆளுக்கு ஒரு தழும்பு இருக்கும்.

நாங்க இந்த மூணு ஊருமே இல்ல. ஆறு வருஷம் முன்ன அம்மாவுக்கு மாத்தல் வந்து இங்க வந்தோம். முதல் நாளே பெரிய பஞ்சாயத்து, டீச்சர் எந்த வாசல் வழியா வர்றதுன்னு. அம்மா நாளைக்கு ஒரு வாசல்னு மூணுக்கும் முறை வெச்சுக்கிட்டாங்க. எனக்கு அந்த முறையெல்லாம் கிடையாது. எந்த வாசலும் என்னோடதில்ல, அதனால மூணும் என்னோடதுதான்னு நான் பாட்டுக்குப் போவேன் வருவேன். மூணு வாசல்லயும் நின்னா மூணு விதமான பேச்சு காதுல விழும். விழுந்தா சும்மா இருக்குமா இந்த நாக்கு? பிடிச்சுக்கும்.

ஆமாண்ணே, எனக்கு யார் குரலும் வரும். கேட்டுக்கிட்டே இருந்தா ரெண்டு நிமிஷம் போதும். அது ஒரு வியாதின்னு அம்மா சொல்வாங்க. அம்மா சொல்றதையும் அம்மா குரல்லயே திருப்பிச் சொல்வேன், அடி விழும்.

கமிட்டிக்காரங்களைப் பத்திச் சொல்லணும். ஊருக்கு ஒருத்தர். வட்டத்துல எது செய்யணும்னாலும் மூணு பேரும் சரின்னு சொல்லணும், ஒருத்தர் இல்லேன்னாலும் தீர்மானம் செல்லாது. மேட்டுக்கு மாவு மில்லுக்காரர். மிஷின் நின்னு போய் வருஷக்கணக்காச்சு, மனுஷன் இன்னும் மிஷினுக்கு மேல பேசறாரு. எல்லாத்தையும் ரெண்டு தடவை. "என்னம்மா டீச்சர், என்னம்மா டீச்சர். ஆகட்டும், ஆகட்டும்." பள்ளத்துக்குத் தையல்காரர். வாயில எப்பவும் நாலு குண்டூசி. ஊசி இல்லாத நாள்லயும் இருக்கற மாதிரியே உதட்டைப் பிரிக்காம, "ம்ம்... பாக்கலாம். அளவு பாத்துட்டு சொல்றேன்." குவாரிக்கு மேஸ்திரி. வெடிக்குத் திரி பத்த வெச்சுட்டு ஓடிப் போய் ஒதுங்கி நின்னே பழகினவரு, பேச்சும் அப்படியே. "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது..." அப்படின்னு நிறுத்திடுவாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு எண்ணணும். அப்புறம், "தண்ணி."

சிரிக்கறீங்களா? நல்லவேளை, உயிர் இருக்கு.

இந்த மூணு பேரும் ஒரு ரூமுல உக்காந்து பதினோரு வருஷம் ஆச்சு. காரணம் ஒரு போட்டோ. பள்ளிக்கூடத்து ஆண்டு போட்டோ எடுக்க ஆளு வந்தாரு, மூணு நாற்காலி போட்டாரு. மூணு நாற்காலின்னா நடுவுல ஒண்ணு வந்துதானே தீரும்? அதுல யாரு உக்காருறதுன்னு ஆரம்பிச்சுது. மத்தியானம் வரைக்கும் பிள்ளைங்க வெயில்ல வரிசையா நின்னுதுங்க. போட்டோக்காரரு கேமராவை மூடிக்கிட்டுப் போயிட்டாரு. அதுலேருந்து ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கறதில்ல.

அப்ப கமிட்டிக் கூட்டம் எப்படி நடக்கும்? அதுக்கு டவுன் அதிகாரி ஒரு வழி கண்டுபிடிச்சாரு. மாசத்து முதல் செவ்வாய்க்கிழமை, அவரு இங்க போன் பண்ணுவாரு. மூணு மணிக்கு மில்லுக்காரர் அவரு வாசல் வழியா வந்து பேசிட்டுப் போயிடணும். மூணே காலுக்குத் தையல்காரர். மூணரைக்கு மேஸ்திரி. ஒருத்தர் செருப்புச் சத்தம் அடங்கின பிறகுதான் அடுத்தவர் செருப்புச் சத்தம் கேக்கும். போன் இருக்கறது அம்மாவோட ஆபீஸ் ரூமுல. அந்த நேரத்துல அம்மா ஹால்ல பாடம் நடத்திக்கிட்டிருப்பாங்க. நான் ஆபீஸ் ரூமுல... நான் பெரும்பாலும் அங்க முட்டிபோட்டுக்கிட்டு இருப்பேன். ஒவ்வொரு செவ்வாயும் ஏதாச்சும் ஒரு காரணம் இருக்கும்.

ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய், நல்ல வெயில். மில்லுக்காரருக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகியிருந்துச்சு, வரல. மூணு மணிக்கு போன் அடிக்குது. அடிச்சுக்கிட்டே இருக்குது. முட்டி வேற வலிக்குது. எழுந்து போயி எடுத்தேன். சத்தியமா நான் 'ஹலோ'ன்னுதான் சொல்லப் பாத்தேன். வாயிலேருந்து வந்தது, "சொல்லுங்க சார், சொல்லுங்க சார்."

அதிகாரிக்குச் சந்தேகமே வரல. அவரு எதுக்கும் முன்னாடி ஒரு 'ஆக' போடுவாரு. "ஆக, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுவது பற்றி தங்கள் கருத்து?" அந்தத் தாழ்ப்பாள் பத்தொன்பது வருஷமா கிடப்புல கிடந்துச்சுண்ணே. எந்த ஊருக் கடையில வாங்கறதுன்னு சண்டை. பத்தொன்பது வருஷமா ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நின்னு கதவை இழுத்துப் பிடிக்கணும். நான் எத்தனை நாள் பிடிச்சிருக்கேன். நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கறீங்க? "ஆகட்டும், ஆகட்டும்."

அடுத்த மாசம் தையல்காரருக்கு ஒரு கல்யாண வேலை, அவரும் வரல. அதுக்கடுத்த மாசம் மேஸ்திரி. இதுல ஒரு வேடிக்கை. போகாட்டியும் தீர்மானக் கடுதாசி அவங்கவங்க வீட்டுக்கு வந்துச்சு, 'உறுப்பினர் சம்மதம்'னு. வேற யாரா இருந்தாலும், நான் எப்பய்யா சம்மதிச்சேன்னு கேட்டிருப்பான். இவங்க கேக்கல. மில்லுக்காரர் என்ன நினைச்சாரு? நம்ம கௌரவத்துக்காக, ஆளு வராட்டியும் சம்மதம்னே ஆபீஸ்ல எழுதிக்கறாங்க. தையல்காரரும் அதையேதான் நினைச்சாரு. மேஸ்திரியும் அப்படியே. மூணு பேருக்கும் உச்சி குளுந்து போச்சு. அதோட வர்றதையே நிறுத்திட்டாங்க.

ஊரு ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்வாங்க. இங்க ஊரு மூணு பட்டுது, கூத்தாடி நான் ஒருத்தி.

ரெண்டரை வருஷம், மாசம் மூணு ஓட்டு. தாழ்ப்பாள் வந்துச்சு. தண்ணித் தொட்டி வந்துச்சு. லைப்ரரி பீரோவை உடைச்சுத் திறந்தோம், சாவி எந்த ஊர்ல இருக்கணும்கற சண்டையில சாவியே தொலைஞ்சு போயிருந்துச்சு. உள்ள ஒரு எலிக்குடும்பமும், அது தின்னது போக ஒன்றரைப் புத்தகமும் இருந்துச்சு. இப்ப முப்பது புத்தகம் இருக்கு. வெள்ளிக்கிழமை கடைசி மணி விளையாட்டு. கணக்குப் பரீட்சையை ஒரு தடவை ஒரு வாரம் தள்ளி வெச்சேன். சரி, ரெண்டு தடவை. அறுபது வருஷத்துல மூணு பெரிய மனுஷங்க செய்யாததை நான் முட்டிபோட்டுக்கிட்டே செஞ்சேன். எப்பவும் ஒரே மாதிரி சரின்னா சந்தேகம் வரும்னு, நடுநடுவுல தையல்காரர் குரல்ல "அளவு பாத்துட்டு சொல்றேன்"னு ஒரு மாசம் இழுப்பேன். தொழில் சுத்தம் வேணுமில்ல.

வாட்ச்சைப் பாக்காதீங்க. வர்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன்.

அதிகாரிக்கு எங்க வட்டம்னா உசுரு. பாராட்டுக் கடுதாசி வந்துச்சு. 'ஆக, ஒற்றுமைக்கு முன்மாதிரி.' அம்மா அதைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சாங்க. நான் அப்பவே உஷாராகியிருக்கணும், ஆகல. சின்னப் பள்ளிக்கூடங்களை டவுன் ஸ்கூலோட சேக்கறதுன்னு மேல முடிவாயிருக்கு. சுத்துவட்டாரத்துல எந்த ஊரைக் கேட்டாலும் அடிதடி, சம்மதம் கிடைக்கல. அதிகாரி யோசிச்சாரு. கேட்டதுக்கெல்லாம் சரி சொல்ற ஒரு வட்டம் இருக்கே, அங்கேருந்து ஆரம்பிப்போம். யோசிச்சுப் பாருங்கண்ணே. அறுபது வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தினது அந்த மூணு ஊரு சண்டைதான். நான்தான் சண்டையை நிறுத்தினேன்.

போன மாசம் செவ்வாய்க்கிழமை கேட்டாரு. "ஆக, டவுன் பள்ளியோடு இணைப்பதில் தங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

அன்னிக்குக் காலையிலதான் அம்மா ஆண்டுவிழாவுல என் பேரை அடிச்சுட்டாங்க. மிமிக்ரி கிடையாதாம், போய் நாற்காலி அடுக்காம். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. டவுன் ஸ்கூல்ல மேடை இருக்குண்ணே. நிஜ மேடை, திரையோட. மைக்கு இருக்கு. இங்க என்ன இருக்கு, கீழ விழற கரும்பலகை. குவாரிப் பொடிசுங்களைப் பத்தி ஒரு நொடி நினைச்சிருந்தா... நினைக்கல. மூணு மணிக்கு, "ஆகட்டும், ஆகட்டும்." மூணே காலுக்கு, "ம்ம்... ஆட்சேபணை இல்ல." மூணரைக்கு, "எங்களுக்கு வேண்டியது..." அஞ்சு வரைக்கும் எண்ணி, "இணைப்பு." போனை வெச்சுட்டு மறுபடி முட்டி போட்டுக்கிட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க. எனக்கே தெரியுது.

உத்தரவு போன வாரம் வந்துச்சு. மூணு பேரும் தனித்தனியா ஓடி வந்தாங்க. மில்லுக்காரர் மத்த ரெண்டு பேரும் வித்துட்டானுங்கன்னு கத்தினாரு. தையல்காரரும் அதையே சொன்னாரு, ஊசியைத் துப்பிட்டு. மேஸ்திரி மட்டும் யாரையும் திட்டல. நேரா போன் கிட்டப் போயி அதிகாரியைக் கூப்பிட்டு, நான் சம்மதிக்கவே இல்லன்னாரு. ரெண்டரை வருஷத்துல முதல் தடவையா அவரோட சொந்தக் குரல் அந்தக் கம்பியில போகுது.

அதிகாரி நம்பல. யாருய்யா நீ, மேஸ்திரி குரல் எனக்குத் தெரியாதா, மாசாமாசம் பேசறேன், அவரு இப்படிப் பேச மாட்டாருன்னுட்டாரு. அம்மா ரிசீவரை வாங்கி, இவருதாங்க மேஸ்திரின்னாங்க. அதிகாரி மேஸ்திரி எப்படிப் பேசுவாருன்னு அம்மாவுக்கே பேசிக் காட்டறாரு, நடுவுல நிறுத்தி, அஞ்சு வரைக்கும் எண்ணி. அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்படியே மெல்லத் திரும்பி, ஜன்னலோரம் நின்ன என்னைப் பாத்தாங்க.  திட்டியிருந்தா தேவலாம்.

மேஸ்திரிக்கு அப்ப எதுவும் தெரியாது. கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. "டீச்சரம்மா, அப்ப நான்..." நிறுத்தினாரு. நான் பழக்கதோஷத்துல மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். பதினஞ்சு வரைக்கும் எண்ணிட்டேன். "யாரு?"

அதைக் கேட்டதும் எனக்கு... சரி விடுங்க. தூசி. இந்தப் பக்கம் காத்து இப்படித்தான்.

இன்னிக்குக் காலையில அம்மா மூணு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னாங்க. மூணு வாசல்லயும் மூணு பேரு. உள்ள கால் வெச்சதும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க, மூணு பேரும் திரும்பினாங்க. அதுக்குள்ள அம்மா பின்னாடியே போயி மூணு கதவையும் பூட்டி சாவியை இடுப்புல சொருகிட்டாங்க. எங்கம்மாவை உங்களுக்குத் தெரியாது. அப்புறம் என்னை நட்ட நடுவுல நிக்க வெச்சு, ம், பேசுன்னாங்க. ஊரெல்லாம் பேசின வாய், அப்ப ஒட்டிக்கிச்சு. பேசுடின்னு ஒரு அதட்டல். பேசினேன். முதல்ல மில்லுக்காரர்.

மில்லுக்காரர் குதிக்கறாரு. "இது நான் இல்லவே இல்ல, நான் இல்லவே இல்ல. நான் எப்ப இப்படிக் கத்தறேன், எப்பக் கத்தறேன்?" ஆனா பின்னாடி ஒரு சத்தம். தையல்காரரும் மேஸ்திரியும் வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கறாங்க. அடுத்து தையல்காரர் குரல். அவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு, எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு முணுமுணுக்கறாரு. மில்லுக்காரர் தொடையில தட்டிக்கிட்டு, "அவனேதான், அவனேதான்"னு விழுந்து விழுந்து சிரிக்கறாரு. மேஸ்திரி குரலுக்கு மத்த ரெண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, கூட சேந்து எண்ணறாங்க. தன் குரலை ஒருத்தரும் ஒத்துக்கலண்ணே. அடுத்தவன் குரல் மட்டும் அச்சு அசல்னு மூணு பேரும் சத்தியம் பண்றாங்க. பதினோரு வருஷம் கழிச்சு ஒரே ரூமுல சிரிக்கறாங்க, கண்ணுல தண்ணி வர. நானும் சிரிச்சேன். அம்மா சிரிக்கல.

சிரிச்சு முடிச்சாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. அப்பத்தான் வெளிய தள்ளினாங்க.

இப்ப உள்ள ரெண்டு கட்சி. கதவு இடுக்குல கேட்டது. மில்லுக்காரர் சொல்றாரு, எதுக்கு இவ்வளவு யோசனை, இவளையே போன் போடச் சொல்லுவோம், எங்க குரல்லயே வேணாம்னு சொல்லிடட்டும், முடிஞ்சுது கதை. எனக்கும் அதான் சரின்னு படுது. அஞ்சு நிமிஷ வேலை. அம்மா, என் பிணத்து மேல ஏறிப் போயி அந்தப் போனைத் தொடட்டும்னுட்டாங்க. உண்மையைச் சொல்லணுமாம், அதுவும் நானே சொல்லணுமாம். உண்மையைச் சொன்னா என்ன ஆகும்? என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்குவாங்க. அம்மா ரூமுலேருந்துதானே பேசினேன், அம்மா வேலைக்கும் ஏதாச்சும் வரும். சொல்லாட்டி நீங்க பெஞ்சை ஏத்துவீங்க. இப்ப சொல்லுங்க, நீங்க என்னைப் போல இருந்தா... சரி, நீங்க என்னைப் போல இருக்க மாட்டீங்க. ரெண்டு குழந்தைக்கு அப்பா மாதிரி இருக்கீங்க.

கூப்பிடறாங்க. அம்மா கூப்பிடறாங்க. இருங்க, வந்துடறேன். கயித்தைத் தொட்டீங்கன்னா உங்க முதலாளி குரலைக் கண்டுபிடிச்சு உங்களுக்கே போன் போடுவேன், சொல்லிட்டேன்.

*

அப்பாடா, இன்னும் இங்கதான் இருக்கீங்களா? போயிருப்பீங்கன்னு நினைச்சேன்.

முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. மூச்சு வாங்கிக்கறேன்.

முடிவு யாரால மாறுச்சு தெரியுமா? தையல்காரர்தான் ஆரம்பிச்சாரு. கிழிசலை மறைச்சுத் தைச்சா, மறுபடி அதே இடத்துலதான் கிழியும்னாரு. மில்லுக்காரர் கேக்கல. அப்ப மேஸ்திரி எழுந்து நின்னாரு. "எனக்கு வேண்டியது..." இந்தத் தடவை யாரும் சிரிக்கல, யாரும் எண்ணல. "என் குரல்." அதிகாரி நாளைக்கு ரோட்டுல பாத்தாலும் நான்தான் போலின்னு சொல்வாரு, இவ வாயாலயே சொன்னாத்தான் எனக்கு என் குரல் திரும்பக் கிடைக்கும்னாரு.  மில்லுக்காரர் ஒரே ஒரு தடவை, "ஆகட்டும்."

போனைக் கையில குடுத்தாங்க. என் குரல்ல பேசணும். சிரிக்காதீங்க, எனக்கு என் குரலே வரல. முதல்ல அம்மா குரல் வந்துச்சு, அம்மா தலையில ஒரு குட்டு வெச்சாங்க. அப்புறம் எதுவோ ஒண்ணு வந்துச்சு. ஐயா, நான் தலைமை டீச்சர் மக, ஒன்பதாவது படிக்கறேன், ரெண்டரை வருஷமா உங்ககிட்டப் பேசின மூணு பேரும் நான்தான்னேன். அதிகாரி சிரிச்சுட்டாரு. பாப்பா, பெரியவங்க யாராச்சும் இருந்தா குடும்மான்னாரு. வாழ்க்கையில முதல் தடவையா உண்மை பேசறேன், அதுக்கு மட்டும் சாட்சி கேக்கறாங்க. வேற வழி? மூணு பேரையும் பேசிக் காட்டினேன்.  அந்தப் பக்கம் அதிகாரி "ஆக"ன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல அவருக்கு. பாவமா இருந்துச்சுண்ணே. அந்த மூணு பேரையும் அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு போல.

அப்புறம் நிஜ ஆளுங்க ஒவ்வொருத்தரா வாங்கிப் பேசினாங்க. இணைப்பு நிறுத்தி வெச்சாச்சு. வர்ற செவ்வாய்க்கிழமை மூணு பேரும் ஒரே வண்டியில டவுனுக்கு வந்து, ஒரே மேஜையில, அவரு கண்ணு முன்னாடி கையெழுத்துப் போடணுமாம். இப்பவே முன் சீட்டுல யாருன்னு உள்ள ஆரம்பிச்சுட்டாங்க. எண்பத்தாறும் இங்கதான். அம்மாவுக்கு ஒரு விளக்கக் கடுதாசியோட போச்சு. நான் போட்ட தீர்மானமெல்லாம் செல்லாதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. தாழ்ப்பாளைக் கழட்டினா நீங்க வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களான்னு அம்மா கேட்டாங்க, அதிகாரியையேதான். அதோட அந்தப் பேச்சு நின்னுது.

எனக்கா? அதைச் சொல்லத்தான் வந்தேன். என்னைச் சும்மா விட முடியாதுல்ல. நீக்கறதுக்கு பதிலா மாத்தறாங்களாம். அந்தப் பொண்ணு இனிமே இந்த வட்டத்துல ஒரு போன் பக்கமும் இருக்கக் கூடாது, திங்கக்கிழமைலேருந்து டவுன் ஸ்கூல், என் ஆபீஸ் ஜன்னலுக்கு நேரா இருக்கற வகுப்புன்னு அதிகாரி சொல்லிட்டாரு. இருபத்திரெண்டு கிலோமீட்டர். அம்மா கெஞ்சுவாங்கன்னு பாத்தேன். சரிங்கன்னுட்டாங்க. மூணு ஓட்டுப் போட்டேன், ஒரு ஆளுக்குப் பலிச்சிருக்கு.

மேடை இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா அங்க யாரு குரலையும் எனக்குத் தெரியாதுண்ணே. ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணும்.

இதோ, தூக்கிக்கிட்டு வர்றாங்க. அங்க பெஞ்சு பத்தாதாம், அதுக்குத்தானே நம்மகிட்ட நாப்பது கேட்டாங்க. அவளுக்கு வேண்டியதை அவளே கொண்டு வரட்டும்னுட்டாரு. பாருங்க, பெஞ்சுக்கு ரெண்டு முனை, தூக்கறது மூணு பேரு. நடுவுல பிடிக்கறது யாருன்னு சண்டை. மெதுவா, மெதுவா. மேஸ்திரி ஐயா, நிறுத்தாதீங்க, நடுவுல நிறுத்தினா கால்ல விழும். அம்மா, நீ ஏன் அங்கேயே நிக்கற? வந்து ஒரு கை பிடி. வர மாட்டாங்க. நாளைக்கு வரைக்கும் பேச மாட்டாங்க. திங்கக்கிழமை காலையில பஸ்ஸுக்கு அவங்கதான் கூட வருவாங்க, பாருங்க.

நாப்பதுக்கு ஒண்ணு. அவ்வளவுதான் உங்க லோடு. நல்லா கட்டுங்க, இருபத்திரெண்டு கிலோமீட்டர் தனியா ஆடிக்கிட்டே போகும். அங்க இறக்கறப்ப ஜன்னல் ஓரம் போடச் சொல்லுங்க. யாரோட பெஞ்சுன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லுங்க. நல்ல பொண்ணு ஒண்ணோடதுன்னு சொன்னாலும் சரிதான்.

ஏண்ணே, இவ்வளவு நேரம் இருந்தீங்க, ஒரு வார்த்தை பேசினீங்களா? ஊம், ஆஹான்னுகூட ஒரு சத்தம் வரல. போறப்பவாச்சும் 'போயிட்டு வர்றேன்'னு... ரெண்டே வார்த்தை, உங்க குரலை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். தலையை ஆட்டறாரு பாரு. ஏறிட்டாரு. அண்ணே, கதவை மெதுவா சாத்துங்க. அண்ணே... கெட்டிக்காரரு. ஒரு ஹாரன்கூட அடிக்காமப் போறாரு.